கூப்பிடுகிறவனும் எய்கிறவனும்

தோட்டத்தில் பன்றி வேட்டைக்குப் போய்ப் பழகிய பெரியவர் யாராவது பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். எத்தனை பன்றி விழுந்தது, எந்த நாய் மடக்கியது என்பதெல்லாம் பிறகுதான் வரும். "அன்றைக்கு என்னோடு வந்தவன் இன்னான்" என்றுதான் கதையைத் தொடங்குவார். அந்த ஆள் செத்து இருபது வருடம் ஆகியிருந்தாலும் அவன் பேரைச் சொல்லாமல் கதை நகராது.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்கிறீர்களா? கூலிம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் இரண்டு பேர் வில்லும் அம்பும் கொண்டு குதிரை அளவு மான் ஒன்றை வீழ்த்துகிறார்களாம். பார்த்துவிட்டு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். "ஐயா, இது நிஜமா, சினிமா வித்தையா? துப்பாக்கி இருக்கும்போது வில் எதற்கு? ஒருத்தர் எய்கிறார், சரி. இன்னொருத்தர் தூரத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கிறாரே, அவர் எதற்கு?"

மூன்றாவது கேள்விதான் நல்ல கேள்வி. ஆனாலும் முறைப்படி முதலிலிருந்தே வருவோம். வேட்டைக்கும் எங்களுக்கும் என்ன என்று தாய்மார்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வள்ளியம்மை கதையும் வருகிறது.

அது நிஜம்தான் தம்பி. அந்த மானுக்கு அமெரிக்கர் வைத்த பெயர் 'எல்க்'. அந்த மண்ணின் பழங்குடிகளான ஷாவ்னி மக்கள் 'வாப்பிட்டி' என்றார்கள். பின்புறம் வெளுத்திருப்பது என்று பொருள். நன்கு வளர்ந்த கடா முந்நூறு கிலோவைத் தாண்டும். தோள் உயரமே ஒன்றரை மீட்டர். கொம்பு வருடா வருடம் விழுந்து புதிதாக முளைக்கும். கோடையில் ஒரே நாளில் ஓர் அங்குலம்கூட வளருமாம். வாழைக்குருத்து வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. எலும்பு அப்படி வளர்வதுதான் ஆச்சரியம்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவில் 'எல்க்' என்றால் வேறு மிருகம். அமெரிக்கர் 'மூஸ்' என்று சொல்வது அது. இலங்கைக்குப் போன வெள்ளைக்காரர்களோ நுவரெலியா மலைக்காட்டில் கண்ட நம் ஊர்க் கடமானுக்கே 'எல்க்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! இலங்கைத் தமிழர் அதை மரை என்பார்கள். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்தார் மிளா என்பார்கள். இங்கே மலாய்க்காரர் வாயில் அது ருசா. ஆக, எல்க் வேட்டை என்றால் ஏதோ நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டனார்களின் உறவுக்காரர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து போய்க் காப்பித் தோட்டம் போட்டார்களே, அதே மலைகளில்தான் அந்த 'எல்க்' வேட்டையும் நடந்தது.

அங்கே பெயர் பெற்ற வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர். 1848-இல் நுவரெலியாவில் குடியேறியவர். இலங்கையில் துப்பாக்கியும் வேட்டை நாயும் கொண்டு ஆடிய வேட்டைகளை 1854-இல் புத்தகமாகவே போட்டார். மரையை அவர் சுட்டதைவிட நாய்களை விட்டு விரட்டியதே அதிகம். மரை ஓடி ஓடி, கடைசியில் ஆற்று நீருக்குள் நின்று நாய்களை எதிர்க்கும். அப்போது கத்தியோடு இறங்கிக் குத்துவார். துணிச்சல்தான், மறுப்பதற்கில்லை. அந்தத் துணிச்சல் எந்த அடுப்பை எரிக்க உதவியது என்று கேட்டால்தான் பதில் கிடைக்காது. அதே இலங்கையில் மேஜர் ரோஜர்ஸ் என்று ஒருவர் 1,400 யானை வரை கொன்றதாகச் சொல்வார்கள். அவர் 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். ஊரார் அதற்கு என்ன அர்த்தம் சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

வில் எதற்கு?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். துப்பாக்கி இருக்கும்போது வில் எதற்கு?

துப்பாக்கிக்காரன் இருநூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் சுடலாம். வில்லாளி இருபது, முப்பது மீட்டருக்குள் போக வேண்டும். நம் லயத்து முன்வாசலுக்கும் பின்வரிசைக் குழாயடிக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் மான் உங்கள் மூச்சைக் கேட்கும், வியர்வையை முகரும். நீங்கள் அதன் கண்ணிமை ஆடுவதைப் பார்க்கலாம். இப்படிக் கிட்டப் போவதற்காகவே வில்லைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வில்லாளிகளுக்கென்றே தனியாகப் பருவம் ஒதுக்கி, செப்டம்பரில் காட்டைத் திறந்துவிடுகிறார்கள்.

இப்போதைய வில்லும் நம் இராமர் படத்து வில் அல்ல. இரு முனையிலும் சக்கரம் வைத்த வில். மிசூரி மாநிலத்து ஆலன் என்பவர் கண்டுபிடித்து 1969-இல் காப்புரிமை பெற்றது. இழுக்கும்போது முதலில் பலமாகக் கனக்கும். முழுதும் இழுத்த பிறகு சக்கரம் திரும்பிக் கனம் பெரிதும் குறைந்துவிடும். எனவே மான் சரியாகத் திரும்பும்வரை நாணை இழுத்தபடியே காத்திருக்கலாம். என்ன இருந்தாலும் அம்பு அம்புதான். விநாடிக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் போகும். சத்தமோ முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். முப்பது மீட்டரில் நிற்கும் மானுக்கு நாண் அதிர்ந்த ஓசை முதலில் போய்ச் சேரும். அம்பு பின்னால்தான் வரும். அந்த இடைவெளி கால் விநாடிதான். காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் மான் அதற்குள் சட்டென்று உடலைத் தாழ்த்திவிடும். விலா எலும்புக்குள் போக வேண்டிய அம்பு முதுகைக் கீறிக்கொண்டு போகும். ஆகையால் மான் சந்தேகமின்றி, வேறு எதிலோ கவனமாக இருக்கும்போது எய்ய வேண்டும்.

வேறு எதில்? அங்கேதான் அந்தக் கத்துகிற ஆள் வருகிறார்.

செப்டம்பர் எல்க் மான்களுக்கு இணைசேரும் காலம். கடா குரல் கொடுக்கும். அத்தனை பெரிய உடம்பிலிருந்து வரும் குரல் புல்லாங்குழலை ஊதியதுபோல மேலே மேலே ஏறி, கடைசியில் தொண்டை உறுமலாக முடியும். இதற்குப் பதிலாகப் பெண் மான் மெலிதாகக் குரல் கொடுக்கும். அந்தக் குரலை வாயில் வைத்த சிறு சவ்வினாலோ குழலினாலோ ஊதிக் காட்டுகிறவர்தான் கூட்டாளி.

தனியாகப் போகிறவன் தானே ஊதித் தானே எய்யலாமே என்று தோன்றும். பலர் செய்கிறார்கள், பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். காரணம் மானின் புத்தி. கடா குரல் வந்த இடத்தை அங்குலம் பிசகாமல் அறியும். வரும், ஆனால் அறுபது, எழுபது மீட்டரில் நின்றுவிடும். "இங்கிருந்து பார்த்தால் பெண் தெரிய வேண்டுமே, எங்கே?" என்று பார்க்கும். தெரியாவிட்டால் ஓர் அடி எடுத்து வைக்காது. அந்தத் தூரத்தில் அம்பு உதவாது.

இரண்டு பேர் போனால் கணக்கு மாறிவிடுகிறது. எய்கிறவன் முன்னால் மரத்தோடு மரமாக நிற்கிறான். கூப்பிடுகிறவன் நாற்பது, ஐம்பது மீட்டர் பின்னால் தள்ளிப் போய் உட்காருகிறான். கடா கூப்பிடுகிறவனைத் தேடி வந்து, வழக்கம்போல அறுபது மீட்டரில் நிற்கும். அந்த இடம் எய்கிறவனுக்குப் பக்கமாக அமைந்துவிடும்! அதன் கண்ணும் காதும் அவனைத் தாண்டிப் பின்னால் இருக்கும். தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் கணத்தில் அவன் நாணை இழுத்துக்கொள்வான்.

இதில் காற்று ஒன்றுதான் எமன். கடா நேராக வராது. காற்று தனக்கு எதிரே வரும்படி சுற்றி வளைத்து வந்து முகர்ந்து பார்க்கும். ஆகவே கூப்பிடுகிறவன் காற்றைப் பார்த்து இடம் மாறுவான்; தலையை அந்தப் பக்கம் திருப்பி மெல்ல ஊதுவான், தூரம் போவதுபோல. காய்ந்த சுள்ளியை மிதித்து ஒடிப்பான், மான் நடக்கும் சத்தம் கேட்கட்டும் என்று. மரத்தில் குச்சியால் உரசுவான், கொம்பு தீட்டுவதுபோல. அங்கே எய்கிறவன் என்ன பார்க்கிறான் என்பது இவனுக்குத் தெரியாது. இங்கே இவன் என்ன செய்யப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. பல வருடம் சேர்ந்து போனவர்களுக்குத்தான் இது கைகூடும். பால் வெட்டும்போது அடுத்த நிரையில் இருப்பவர் எந்த மரத்தில் நிற்கிறார் என்று வாளிச் சத்தத்தைக் கொண்டே சொல்லிவிடுகிறார்களே, அந்த மாதிரிப் பழக்கம் இது.

அம்பு பட்ட பிறகு இன்னொரு சோதனை. நுரையீரலில் பட்ட மான் விழுந்துவிடாது. எழுபது, நூறு மீட்டர் ஓடித்தான் விழும். உடனே ஓடிப் பார்க்க வேண்டும் என்று எய்தவனுக்குக் கை பறக்கும். கூட்டாளி பிடித்து உட்கார வைக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம். விரட்டாவிட்டால் மான் பக்கத்திலேயே படுத்து அமைதியாகப் போய்விடும். விரட்டினால் வலியோடு மைல் கணக்கில் ஓடும். யாருக்கும் கிடைக்காமல் புதரில் கிடந்து சாகும். பிறகு இருவரும் இரத்தத்தைப் பார்ப்பார்கள். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். கறுத்த சிவப்பு என்றால் ஈரல். பச்சை கலந்திருந்தால் குடல். அப்படியானால் அரை மணி போதாது, பல மணி நேரம் காக்க வேண்டும். ஒருவர் கடைசியாகக் கண்ட துளியின் பக்கத்திலேயே நிற்க, மற்றவர் அடுத்த துளியைத் தேடுவார். இப்படியே புல் புல்லாக.

படத்தில் அந்த இரண்டு பேரும் மானுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று தம்பி சொன்னார். களைப்பாகவும் இருக்கலாம். இனிமேல்தான் பெரிய வேலை. தோலுரித்து, காலாகப் பிரித்து, சூடு ஆறுமுன் மலையிறக்க வேண்டும். எலும்பு நீக்கினாலும் நூறு கிலோ அளவுக்குக் கறி தேறும். முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் மூன்று நடை, நான்கு நடை நடக்க வேண்டும். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கறியைக் காட்டில் விட்டு வந்தால் அங்கே பல மாநிலங்களில் அது சட்டப்படி குற்றம். பேக்கர் துரை காலத்துக்கு இந்தச் சட்டம் வந்திருக்கலாம்.

அமெரிக்காவின் ஒரு கூட்டாளி கதை

அமெரிக்காவில் இந்த வில் வேட்டை மறுபடி பரவியதற்குப் பின்னால் ஒரு சிநேகம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

1911 ஆகஸ்ட் 29. கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே, ஆடு மாடு அடிக்கும் தொட்டி ஒன்றின் அருகே, பட்டினியால் மெலிந்த மனிதர் ஒருவர் கண்டெடுக்கப்பட்டார். யாகி என்னும் பழங்குடியில் கடைசி ஆள். அவருடைய சனங்களை வெள்ளையர் துப்பாக்கிகள் முந்திய தலைமுறையிலேயே அழித்துவிட்டன. எஞ்சிய சிலர் பல வருடம் காட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்து ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். தம் பெயரைத் தாமே சொல்வது அவர்கள் வழக்கமில்லை. சொல்லவும் வேறு யாரும் மீதியில்லை. ஆகையால் ஆய்வாளர் குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர் மொழியில் அதற்கு 'மனிதன்' என்று பொருள்.

சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் இஷிக்கு இடம் கொடுத்தார்கள். பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். இஷியின் உடம்பைச் சோதிக்க வந்தவர், இஷி வில் செய்வதைப் பார்த்து அப்படியே மாணவராக உட்கார்ந்துவிட்டார். கட்டையைச் சீவுவது, நரம்பைத் திரிப்பது, கண்ணாடிபோன்ற கல்லை மான்கொம்பால் அழுத்தி அம்புமுனை செதுக்குவது, எல்லாம் கற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்து வேட்டைக்குப் போனார்கள். வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் தின்ன மாட்டார், புகை பிடிக்க மாட்டார், விடியலில் குளிப்பார். வாசனை போய்விடுமல்லவா! விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவதுபோல ஓசை எழுப்புவார். காட்டில் மறைந்திருந்த பிராணிகள் எட்டிப் பார்க்க வரும். நான் மேலே சொன்ன கூப்பிடும் வித்தையை டாக்டர் போப் கண்ணால் கண்டது அப்போதுதான். 1914-இல் இஷி வாழ்ந்த பழைய காட்டுக்கே எல்லாருமாகப் போய் வந்தார்கள்.

1916 மார்ச் 25-இல் இஷி காசநோயால் இறந்தார். அவருடைய வில்லையும் அம்புகளையும் உடலோடு வைத்தார்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று நடந்தது. உடலை அறுக்கக் கூடாது என்று வெளியூரிலிருந்த குரோபர் கடிதம் எழுதியும், பிரேதப் பரிசோதனை நடந்தது. மூளையைத் தனியே எடுத்து வைத்தார்கள். பிறகு அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போய்விட்டது. 2000-ஆம் ஆண்டில்தான் அந்த வட்டாரத்துப் பழங்குடி மக்கள் கைக்கு அது திரும்பி வந்து, முறையாக அடக்கம் நடந்தது. எண்பத்து நாலு வருடம்! கூடவே இருந்து, சோறு தின்று, வில் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் இருந்த ஊரில்தான் இது நடந்தது. நம்பிக்கையான கூட்டாளி என்று எழுதும்போது எனக்கு இந்த இடத்தில் பேனா நிற்கிறது.

போப் அதன்பின் ஆர்தர் யங் என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். 1920-இல் இருவரும் வில்லைக் கொண்டே பெருங்கரடி வேட்டையாடி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். போப் 1923-இல் எழுதிய வில் வேட்டைப் புத்தகம்தான் பலரை வில்லெடுக்க வைத்தது. 1961-இல் தொடங்கிய அமெரிக்க வில்வேட்டையாளர் சங்கத்துக்கு இந்த இருவர் பெயரையே வைத்தார்கள். இஷியின் பெயரை வைக்கவில்லை.

நம் கதைகளில் கூட்டாளி

நம்மவரில் வில்லுக்குப் பேர்போனவர் கொல்லிமலை வல்வில் ஓரி. ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வரிசையாகத் துளைத்துப் போயிற்று என்று வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. புலவர் பரிசுக்காகக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம்!

எனக்குப் பிடித்தது திண்ணன் கதை. பிற்காலத்தில் கண்ணப்ப நாயனார் ஆனவர். முதல் வேட்டைக்குப் போன அன்று ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. வேட்டைக் கூட்டம் முழுக்கப் பின்தங்கிவிட, திண்ணனோடு நாணன், காடன் என்ற இருவர் மட்டும் விடாமல் ஓடுகிறார்கள். பன்றி விழுகிறது. பசி, தாகம். காடன் நெருப்பு மூட்ட, திண்ணனும் நாணனும் காளத்தி மலை ஏறுகிறார்கள். அங்கே திண்ணன் சிவலிங்கத்தைக் கண்டு தன்னை மறந்து நிற்கிறான். எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவனுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று இருவரும் அவன் தகப்பன் நாகனிடம் சொல்ல ஓடுகிறார்கள். சேக்கிழார் அவர்களைப் பழிக்கவில்லை. விட்டுவிட்டு ஓடவில்லையே, வீட்டுக்குச் சொல்லத்தானே போனார்கள்!

வள்ளி கதை தெரியாதவர் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கும் நம் பினாங்கில் யாரும் இல்லை. வள்ளியே மான் வயிற்றில் பிறந்து வேடர் குலத்தில் வளர்ந்தவள். முருகன் வேடனாக வேஷம் போட்டுக்கொண்டு, "இந்தப் பக்கம் மான் வந்ததா?" என்று கேட்டபடி தினைப்புனத்துக்கு வருகிறான். பேச்சு பலிக்கவில்லை. கடைசியில் அண்ணன் விநாயகரைக் கூப்பிடுகிறான். அவர் யானையாய் வந்து மிரட்ட, வள்ளி பயந்து முருகனிடமே ஓடி வருகிறாள். பார்த்தீர்களா, ஒருவர் ஓசை எழுப்ப, இன்னொருவர் காத்து நிற்க! ஆறுமுகனுக்கே தனியாக ஆகவில்லை.

இங்கே என்ன நிலைமை?

இனி நம் மண்ணுக்கு வருவோம். தம்பியின் கடிதத்தில் கடைசி வரி இதுதான்: "நம் காட்டில் இப்படி ருசா வேட்டைக்குப் போகலாமா?"

வில் நம் நாட்டுக்குப் புதிது இல்லை. கெடா, பேராக் காடுகளில் வாழ்ந்த செமாங் மக்கள் வில்லாளிகள். ஈப்போ மரத்துப் பாலை அம்புமுனையில் தடவி எய்தார்கள் என்று 1906-இல் ஸ்கீட்டும் பிளாக்டனும் எழுதிய நூலில் காணலாம். இதயத்தையே நிறுத்திவிடும் நஞ்சு அது. ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்ததும் அந்த மரம்தான். பின்னாளில் அவர்களிடமும் வில் மறைந்து, செமாய், தெமியார் மக்கள் வைத்திருப்பதுபோன்ற சும்பித்தான் என்னும் ஊதுகுழல் வந்துவிட்டது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒராங் அஸ்லி மக்களுக்கு மட்டும், சொந்தச் சாப்பாட்டுக்காக, குறிப்பிட்ட சில பிராணிகளைப் பிடிக்க இடம் கொடுக்கிறது. ருசாவும் சருகுமானும் அந்தப் பட்டியலில் உண்டு. விற்க முடியாது.

நமக்கு? ஒரு காலத்தில், 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உரிமம் எடுத்தால் ருசா சுடலாம். 2009 முதல் அந்த உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு நிறுத்தத்தை நீட்டித்தார்கள். காரணம், மான் அவ்வளவு குறைந்துவிட்டது. மான் குறைந்தால் புலி எதைத் தின்னும்? 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் தீபகற்பக் காடு முழுவதிலும் நூற்றைம்பதுக்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. நம் ஆயர் ஈத்தாம் பாயா தெருபோங் அடுக்குமாடிகளில் ஒரு கட்டடத்தில் இருக்கும் குடும்பங்கள் அதைவிட அதிகம்.

இதில் துப்பாக்கியைவிட, வில்லைவிட, பெரிய பாவி கம்பிக் கண்ணி. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்துக் கட்டிவிட்டு வருகிறார்கள். "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்பார்கள். கம்பிக்குக் கண் உண்டா? ருசா விழும், கரடி விழும், புலி விழும், தோட்டத்து நாயும் விழும். காலில் கம்பி இறுகி, நாலு நாள் ஐந்து நாள் கிடந்து சாகும். வைத்தவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். சில சமயம் எங்கே வைத்தோம் என்பதையே மறந்திருப்பான். நான் மேலே சொன்ன அந்தக் காத்திருப்பும், காற்றுப் பார்ப்பதும், இரத்தத் துளி தேடி முழங்காலிட்டு நடப்பதும், பக்கத்தில் ஓர் ஆள் நின்று "பொறு" என்று சொல்வதும், ஒன்றும் அதில் கிடையாது. கண்ணி வைத்தால் பெர்ஹிலித்தான் சும்மா விடாது. அபராதத் தொகை தோட்டக் குடும்பம் வருடக் கணக்கில் சேர்த்தாலும் கட்டி முடிகிற தொகை இல்லை, சிறையும் உண்டு. முன்னாள் இராணுவத்தினரும் ஒராங் அஸ்லி இளைஞர்களும் சேர்ந்து இன்று காடு காடாகக் கம்பிகளை அறுத்து வருகிறார்கள். வேட்டைக்காரன் கண்ணும் காலும் உள்ளவர்களுக்கு அது நல்ல வேலை. கண்ணி கண்ணில் பட்டால் நீங்கள் தகவல் கொடுத்தாலே போதும்.

ஆகவே தம்பி, ருசா வேட்டைக்குப் போக முடியாது. பார்க்கப் போகலாம். விடியலில், காற்று முகத்தில் படும்படி, தனியாக இல்லாமல் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு. கிட்டப் போவதில்தான் சுகம் என்று சொல்லும் வில்லாளிகளின் பேச்சு உண்மைதானா என்று கைப்பேசிப் படக்கருவியைக் கொண்டே சோதித்துப் பார்த்துவிடலாம்.

பன்றி வேட்டைப் பெரியவர்களைக் கேட்கச் சொன்னேனே, கேட்கும்போது பங்கு பிரித்த கதையையும் கேளுங்கள். பல தோட்டங்களில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. அடித்தவனுக்கு இவ்வளவு, விரட்டியவனுக்கு இவ்வளவு, நாய்க்கு இவ்வளவு, சுமந்து வந்தவனுக்கு இவ்வளவு என்று கூறு வைப்பார்கள். அன்றைக்குக் காய்ச்சலாய்ப் படுத்து வர முடியாமல் போன கூட்டாளிக்கும் ஒரு கூறு இலையில் சுற்றி அவன் வீட்டுப் படிக்கு வந்துவிடும். அந்த வீட்டு அம்மா அதை வாங்கும்போது, "அவரு வரலியே தம்பி" என்பார். கொண்டுவந்தவர் பதில் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவாராம்.